மணியாச்சிக்குக் கிழக்கே

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி வருகிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. தூங்கிப் போனாலும் ஊரைத் தாண்டிவிட முடியாது. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கொஞ்சம் தெரு, கொஞ்சம் கிட்டங்கி, பனிமய மாதா கோயில், பிறகு கடல். பெட்டியைக் கூட்ட வருகிற பையன் காலைத் தட்டி, “அண்ணாச்சி, ஊரு வந்துட்டு” என்பான்.

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. பின்னிரவில் அலாரம் வைத்து, அது அடிக்கும் முன்பே விழித்து, திண்டுக்கல் போய்விட்டதா என்று இருட்டில் யாரையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கேட்டுக் கேட்டு நமக்கும் உறக்கம் போகும்.

*

சென்னை நண்பர் ஒருவர் கொங்கண் ரயிலில் போய்வந்த பெருமையில் கேட்டார்: “உங்க லைன்ல பாக்க என்ன இருக்கு?”

“முதல் முப்பது கிலோமீட்டருக்கு உடைமரம். அப்புறம் கரிசல். அப்புறம் ராத்திரி” என்றேன்.

சொன்னது உண்மைதான். முத்துநகர் கிளம்புவதே இருட்டிய பிறகு. சுமார் 650 கிலோமீட்டரையும் இருட்டிலேயே கடந்து, விடிந்து எழும்பூரில் கொண்டுபோய் விடும். உப்பளம் பார்க்கலாம் என்று ஜன்னலைப் பிடிக்கிற வெளியூர்க்காரர்களும் உண்டு. அளங்களில் பெரும்பகுதி கடலோரமாகக் கிடக்கிறது. ரயிலோ கிளம்பின நிமிஷமே கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓடுகிறது. காற்றில் உப்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான்.

நண்பரிடம் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. எங்கள் ரயில் பாதி வழிதான். காட்சியெல்லாம் மறுபாதியில் இருந்தது. அந்த மறுபாதி கப்பல்.

*

இந்தப் பாதையைத் தூத்துக்குடிக்காரனுக்காக யாரும் போடவில்லை. கொழும்புக்காகப் போட்டார்கள், பருத்திக்காகப் போட்டார்கள். 1875 டிசம்பரில் இலங்கையிலிருந்து வந்த வேல்ஸ் இளவரசர் இங்கே கரையிறங்கி மதுரைப் பக்கம் ரயிலேறினார். 1876இல் ஊராருக்கும் வண்டி ஓட ஆரம்பித்தது. அதன்பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷம் சென்னையிலிருந்து சிலோன் போகிறவன் எழும்பூரில் ஏறி, இங்கே இறங்கி, கப்பல் பிடித்தான். போட் மெயில் என்றால் அப்போது ராமேசுவரம் இல்லை. நாங்கள்தான்.

கப்பல் பிடிப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். விடிய விடிய ரயிலில் குலுங்கி வந்தவர்கள், பெட்டி படுக்கையோடு படகில் இறங்கி, அந்த ஐந்தாறு மைலும் அலையில் ஆடிப்போய், நடுக்கடலில் ஏணி ஏற வேண்டும். ஸ்லீப்பரில் அப்பர் பெர்த் கிடைத்துவிட்டது என்று முனகும்போதெல்லாம் எனக்கு அந்த ஏணி நினைவுக்கு வரும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிக்கொண்டது. தூத்துக்குடிக்குத் தண்டவாளம் மிச்சம்.

*

சென்ற ஆனி முதல் வாரம், மைசூர் வண்டி. மாலை ஐந்து மணிக்கு மேல் கிளம்புகிற வண்டி அதுதான் என்பதால், வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்கிற ஆசைக்கு அதை விட்டால் வழியில்லை. ஆனியில் ஆறரை தாண்டியும் பொழுது இருக்கும். சாத்தூர் வரை வேடிக்கை பார்க்கலாம்.

எனக்கு சைடு லோயர். எதிரே ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், கட்டம்போட்ட கைலி, தோளில் துண்டு. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். அவருக்கு விழுந்திருந்தது அப்பர். நடுவயதுக்காரர் ஒருவர் தன் லோயரைத் தருவதாகச் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டு, ஒரு காலை ஏணியில் வைத்தார், மறுகால் மேலே இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“தண்டலா இருந்தேன் தம்பி. பாய்மரத்துல ஏறின காலு” என்றார் மேலேயிருந்து.

தண்டல் என்றால் தோணியின் தலைவர். எங்கள் ஊர்த் தோணி என்பது ஆற்றில் அக்கரைக்கு விடுகிற தோணி இல்லை. கப்பல் என்று சொல்ல மனசு வராத அளவுக்கு மரமும், படகு என்று சொல்ல முடியாத அளவுக்கு வயிறும் கொண்டது. பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் காய்கறியும் ஓடும் கல்லும் மணலும் ஏற்றிப்போகும். பாய் விரித்துப் போனதை அவர் பார்த்திருக்கிறார். எஞ்சின் வைத்த பிறகும் ஓட்டியிருக்கிறார்.

*

அவர் பையைக் கட்டியதை எழுதிவைக்க வேண்டும்.

எல்லாரும் சங்கிலியும் பூட்டுமாகக் குனிந்து கிடந்தார்கள். சாவி எந்தப் பையில், எந்தச் சட்டையில் என்று ஒரு குடும்பமே தேடிக்கொண்டிருந்தது. தண்டல் இறங்கி வந்தார். மடியிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் ஒரு நைலான் கயிறு. சீட்டுக்கு அடியில் இருக்கும் வளையத்தில் ஒரு சுற்று, பையின் காதில் ஒரு சுற்று, கயிற்று நுனியை அதே சுற்றுக்குள் விட்டு ஒரு இழுப்பு. கண்ணால் பார்க்கவேயில்லை. பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. என் பையையும் கேட்காமலே இழுத்து, மிச்சக் கயிற்றில் சேர்த்துக் கட்டினார்.

“சங்கிலிய வெட்டிரலாம். இத அவுக்க அவன் கடலுக்குப் போயிருக்கணும்.”

“நானும் போனதில்லையே ஐயா.”

“எறங்கும்போது நான் அவுத்து விடுதேன்.”

*

மீளவிட்டான். தட்டப்பாறை. கைலாசபுரம். எக்ஸ்பிரஸ் வண்டிகள் மதிக்காத பெயர்கள். நல்ல வேகத்தில் மஞ்சள் பலகை வரும், வாசித்து முடிக்கும் முன் போகும்.

தட்டப்பாறையில் மட்டும் நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே. மண்டபம் முகாம் வருவதற்கு முன்பு, சிலோன் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களை நிறுத்தி வைத்த முகாம் இங்கேதான் இருந்தது. கப்பல் ஏறும் முன் நோய் இருக்கிறதா என்று பார்க்க. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் கங்காணியோடு வந்து இந்தப் பொட்டலில் நாள் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். 1901 முதல் அவர்களுக்குத் தகர டிக்கெட் என்று ஒன்று வந்தது. தோட்டத்தின் எண் பதித்த சின்னத் தகரத் துண்டு. அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அது பிறகு அவர்கள் தலையில் கடனாக இறங்கும்.

என் டிக்கெட் போனில் இருக்கிறது. பரிசோதகர் வந்து, பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தகரத்தில் ஆளின் பெயரே கிடையாது.

*

மணியாச்சி. இப்போது வாஞ்சி மணியாச்சி. சந்திப்பு என்றாலும் ஊர் சின்னது. ரயில்வேயை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது.

1911 ஜூன் 17. ஆனி மாதத்து முற்பகல். கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானல் போகத் திருநெல்வேலியிலிருந்து வந்து, முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். காத்திருந்தது தூத்துக்குடியிலிருந்து வருகிற போட் மெயிலுக்காக. செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் இதைத் திருநெல்வேலிக் கதையாகப் படித்தோம். ஆனால் இதன் வேர் எங்கள் துறைமுகத்தில் இருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கி, 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவந்து விட்டது இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். ரயிலில் வந்திறங்குகிறவன் எந்தக் கப்பலில் ஏறுவான் என்பதுதான் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மா ஏறு, குடையும் தருகிறோம் என்கிற வரைக்கும் போனதாக ஊரில் சொல்வார்கள். 1908இல் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டபோது ஆஷ் இங்கேதான் அதிகாரியாக இருந்தார். ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட்டின் இரண்டு துண்டு என்று பார்த்தால்தான் மணியாச்சியில் விழுந்த குண்டு புரியும்.

தண்டலிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “குடை எதுக்கு? நடுக்கடல்ல காத்துக்கு நிக்குமா?” என்றார்.

*

கடம்பூர் வருமுன்பே போளித் தட்டு பெட்டிக்குள் வந்துவிட்டது. கடம்பூர்ப் போளிக்குத் தனிக் குரல் உண்டு. ‘போளீ…’ என்று ஈற்றில் இழுத்து, அடுத்த பெட்டிக்குப் போன பிறகும் காதில் நிற்கும். தாளில் நெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. நான் இரண்டு வாங்கினேன். தண்டல் ஒன்றைத் தின்றுவிட்டு, தன் பையிலிருந்து மக்ரூன் டப்பாவைத் திறந்தார்.

மக்ரூனைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதும்போதெல்லாம் போர்த்துகீசியரிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் டப்பாவின் மூடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முந்திரிப் பொடி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, மூன்றே சாமான். நன்றாக அடித்து, கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் ராத்திரி முழுக்க உலர்த்தி எடுப்பது. காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். அதனால் ரயிலில் மக்ரூன் தின்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது: மூடியைத் திற, எடு, மூடு. மறுபடி திற, எடு, மூடு. ஒரே தடவையில் நாலு எடுத்து வைத்துக்கொள்கிறவன் வெளியூர்.

இரவுக்குப் பரோட்டா கட்டிக்கொண்டு வந்திருந்தேன், ஊரில் ஒரு நைட் கிளப்பிலிருந்து. சென்னையில் இந்த வார்த்தையைச் சொல்லி ஒருமுறை ஆபீசில் மானம் போயிருக்கிறது. எங்கள் ஊரில் சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கிற பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்றுதான் பெயர். வாழையிலையில் சால்னாவோடு கட்டினது, விருதுநகர் தாண்டும்போது அவிழ்த்தால் பெட்டி முழுக்க எட்டிப் பார்க்கும்.

*

கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே குமாரபுரம். கு. அழகிரிசாமி ஒரு சிறுகதையே எழுதிய ஸ்டேஷன். அவரும் கி.ரா.வும் பிறந்த இடைசெவல் இந்தப் பக்கம்தான். ஒரே ஊரில் இரண்டு பேர், இருவருக்கும் சாகித்திய அகாதெமி. சுற்றிலும் பார்த்தால் கறுப்பு மண்ணும் வானமும் தவிர ஒன்றும் இல்லை. எழுத வேறு வழி இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. ஆனிக் காற்றில் பேய்ச் சுற்று. தண்டல் ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, “கச்சான்” என்றார். மேற்கே இருந்து வருகிற காற்றுக்குக் கடற்கரையில் அந்தப் பெயர். கரையிலிருந்து இத்தனை தூரம் உள்ளே வந்து, ஒரு ரயில் ஜன்னலில், அது அவருக்கு அடையாளம் தெரிந்தது. காற்றாலைக்காரர்களுக்கு அது யூனிட். தோணிக்காரர்களுக்கு வாடையா கொண்டலா கச்சானா என்பதில்தான் வீட்டுக்குத் திரும்பும் நாள் இருந்தது.

*

பத்து மணிக்கு மிடில் பெர்த்தைத் தூக்கினார்கள். விளக்கு அணைந்தது. தண்டல் உறங்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மேலேயிருந்து கேட்பார்: “தம்பி, இது எது?” திண்டுக்கல் ஐயா. கரூர் ஐயா.

“உறக்கம் வரலையா?”

“யாரோ ஓட்டுதான், நாம படுத்துக் கெடக்கோம். அது ஒத்துக்க மாட்டேங்கு.”

*

முத்துநகர் என்று ரயிலுக்குப் பேர். ஊர் முத்து எடுத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1955இல் மறுபடி தொடங்கிய முத்துக்குளிப்பு 1961இல் நின்றது. பாரில் சிப்பி இல்லை. அதன்பிறகு கடலாராய்ச்சிக்காரர்கள் 1973இல் இங்கே சிப்பிக்குள் கருவை வைத்துச் செயற்கையாக முத்து விளைவித்தார்கள். ஆனால் அரசாங்கம் நாள் குறித்து, நூற்றுக்கணக்கில் வள்ளம் இறங்கி, கரையில் சிப்பியை ஏலம் விட்ட அந்தத் திருவிழா திரும்பவேயில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் சங்குநகர் எக்ஸ்பிரஸ் என்று யார் பேர் வைப்பார்கள்? துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சி. பேரை வைத்தார்கள், அது நியாயம்.

அதே 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்று ஒரு பயணிகள் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியது. ரயிலின் மறுபாதி திரும்பி வந்துவிட்டது என்று நாங்களெல்லாம் பேசிக்கொண்டோம். பாஸ்போர்ட் எடுக்க விண்ணப்பம் வாங்கிவைத்தேன். அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு நவம்பர் ஆயிற்று, கப்பல் நின்றது.

*

இந்த மாவட்டத்தில் ஸ்லீப்பர் பயணம் பற்றிப் பேசினால் செந்தூர் எக்ஸ்பிரஸைச் சொல்லாமல் முடியாது. 2023 டிசம்பர் 17, ஞாயிறு இரவு. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுச் சென்னை திரும்புகிற கூட்டம், ஏறத்தாழ 800 பேர். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டியை நிறுத்தினார்கள். செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் போயிருந்தது. ஏணியைக் காற்றில் தொங்கவிட்ட மாதிரி தண்டவாளம் கிடந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி அன்றைக்கு ஆறாகவே இல்லை.

இரண்டு ராத்திரி. சில நூறு பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ரயிலிலும் ஸ்டேஷனிலுமாகச் சுற்றிலும் தண்ணீரோடு. ரோடு அறுந்து, மின்சாரம் போய், போன் செத்து. அந்த இரண்டு நாளும் அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம்தான். இருந்த அரிசியை ஒன்றாகக் கொட்டிக் கோயிலில் வைத்துப் பொங்கினார்கள். ஹெலிகாப்டர் பொட்டலம் போட்டது அதற்கும் பிறகு.

19ஆம் தேதி தண்ணீர் வடிந்த வழியாக நடத்திக் கூட்டிப்போய், பஸ்ஸில் ஏற்றி, மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். மறுபடி மணியாச்சி. இந்தப் பக்கத்தில் யார் தப்பிப் போவதானாலும் யார் மாட்டிக்கொள்வதானாலும் அந்த ஊரைத் தொடாமல் முடியாது போல.

*

காலையில் ராமநகரப் பாறைகள், மாண்டியாவில் கரும்பு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி. அழகுதான். கொங்கண் நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

*

திரும்பி வந்தது சென்னை வழியாக, முத்துநகரில். கோவில்பட்டியில் விழிப்பு வந்தது. மணியாச்சியில் டீ.

அங்கிருந்து வண்டி நேர் கிழக்கே திரும்புகிறது. சூரியன் எஞ்சினுக்கு முன்னால் எழும்புகிறது. இடப்பக்க ஜன்னலிலும் இல்லை, வலப்பக்க ஜன்னலிலும் இல்லை. வளைவு வரும்போது மட்டும் ஒரு விநாடி பெட்டிக்குள் அடித்து, எதிர் சீட்டில் உறங்குகிறவரின் வாயில் விழுந்து, போய்விடும். மாலை மைசூர் வண்டிக்கும் இதே கதிதான். மேற்கே போகிறது, சூரியனும் மேற்கே. இந்த முப்பது கிலோமீட்டரின் காலையும் மாலையும் லோகோ பைலட்டுக்கு மட்டும் சொந்தம், அதுவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

மேலூரில் பாதிப் பேர் இறங்கினார்கள். பிறகு ரெண்டாம் கேட், ஒண்ணாம் கேட். மூடின கேட்டுக்கு இரண்டு பக்கமும் பைக்குகள், மீன் கூடை கட்டின சைக்கிள், பள்ளிக்கூட ஆட்டோவுக்குள் திணிந்த பிள்ளைகள். அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், கொஞ்சம் கோபமாக. ஒரு பையன் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தான். நானும் அந்த வயதில் எண்ணியிருக்கிறேன், அதே கேட்டில். மீட்டர் கேஜ் பெட்டிகள், எண்ண எண்ண முடியாது.

*

கயிறு பற்றி.

தண்டல் பெங்களூரில் இறங்கியபோது நான் நல்ல உறக்கம். எழுப்ப மனசில்லாமல் போயிருக்கிறார். தன் பையை அவிழ்த்துக்கொண்டவர் என் பையின் முடிச்சை அப்படியே விட்டிருந்தார், பத்திரம் என்று நினைத்திருப்பார். மைசூரில் பெட்டி காலியான பிறகும் நான் சீட்டுக்கு அடியில் மண்டிபோட்டுக் கிடந்தேன். எந்த நுனியை இழுத்தாலும் இன்னொரு பக்கம் இறுகியது. பல்லால் கடித்தும் பார்த்தேன். கடைசியில் கூட்ட வந்த பையன் ஒரு பிளேடு கொடுத்தான்.

வளையத்தில் பாதி போயிற்று. பையின் காதில் பாதி இன்னும் இருக்கிறது, முடிச்சோடு.